எல்லாமே ‘கொடு’தானா?

கேள்வி: கிவ், கிராண்ட், அவார்டு, கன்ஃபர், பிஸ்டோ எதைப் பார்த்தாலும் அகராதியில் ‘கொடு’, ‘வழங்கு’ என்றுதான் இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

பதில்: அகராதி பொருளைச் சொல்லும், கொடுப்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லாது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தமிழுக்கு இது புதிதும் அல்ல. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’, நிகரானவனிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. நாம்தான் பின்னால் எல்லாவற்றையும் ‘கொடு’வில் போட்டுக் கட்டிவிட்டோம்.

‘கிவ்’ யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பது. ஜலதோஷத்தைக்கூட ஒருவர் இன்னொருவருக்கு ‘கிவ்’ பண்ணலாம். ‘கிராண்ட்’ அப்படியல்ல. அதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் இருக்கும். கொடுப்பவருக்கு மறுக்கவும் அதிகாரம் இருக்கும். விசா, ஜாமீன், விடுப்பு, அடைக்கலம் ஆகியவை ‘கிராண்ட்’ ஆகும். மேஜையில் கிடக்கும் பேனாவை எடுத்து நீட்டுவது ஒருநாளும் ‘கிராண்ட்’ ஆகாது.

‘அவார்டு’ என்றால் யாரோ எடைபோட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள் என்று பொருள். பரிசு, மதிப்பெண், டெண்டர், நீதிமன்றம் தீர்மானிக்கும் நஷ்டஈடு எல்லாம் இதில் அடங்கும். ‘கன்ஃபர்’ செய்யப்படுபவை கையில் பிடிக்க முடியாதவை: பட்டம், உரிமை, அந்தஸ்து. பட்டத்தை ‘கன்ஃபர்’ செய்வார்கள். அந்தப் பட்டம் அச்சடித்த சான்றிதழை ‘இஷ்யூ’ செய்வார்கள். விசாவிலும் இதே கதைதான். தரலாம் என்று அதிகாரி முடிவெடுப்பது ‘கிராண்ட்’, அந்த ஆவணத்தைக் கையில் தருவது ‘இஷ்யூ’.

‘பிஸ்டோ’ சற்றே அலங்காரமான சொல். வாழ்த்துரையில் வரட்டும், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

கேள்வி: ‘ஹி வாஸ் கன்ஃபர்டு வித் எ டாக்டரேட்’ என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். நாளிதழ்களில் இப்படித்தானே வருகிறது?

பதில்: வருகிறது. ஆனாலும் ஆசிரியர் பக்கம்தான் நியாயம். ‘கன்ஃபர்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் பட்டம், ஆள் அல்ல. ஆளுக்கு முன்னால் ‘ஆன்’ வர வேண்டும்: ‘எ டாக்டரேட் வாஸ் கன்ஃபர்டு ஆன் ஹிம்’. ‘வித்’ போட்டால் வேறு வம்பும் சேர்கிறது. ‘கன்ஃபர் வித்’ என்றால் ஒருவரோடு கலந்து பேசுவது. ‘கான்ஃபரன்ஸ்’ இந்தப் பொருளோடு சேர்ந்த சொல். டாக்டர் பட்டத்தோடு அவர் என்ன கலந்து பேசியிருப்பார்?

வாக்கியம் ஆளில்தான் தொடங்க வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள்: ‘ஹி வாஸ் அவார்டட் எ டாக்டரேட்’. இங்கேயும் ‘வித்’ வராது. ‘வித்’ எழுதாமல் கை ஓயாது என்பவர்களுக்கு ‘பிரசென்ட்’ இருக்கிறது: ‘ஹி வாஸ் பிரசென்டட் வித் எ மெடல்’. ஆனால் அது மேடையில் கையில் தருவதைக் குறிக்கும்.

கேள்வி: ‘கிவ் மீ எ புக்’ சரி என்றால் ‘டொனேட் மீ எ புக்’ ஏன் தவறு?

பதில்: சில வினைகள் ஆள், பொருள் இரண்டையும் இடைச்சொல் இல்லாமல் அடுத்தடுத்து ஏற்கும். கிவ், கிராண்ட், அவார்டு, ஆஃபர், அலவ் ஆகியவை அந்த வகை. சில வினைகள் ஒன்றைத்தான் நேராக ஏற்கும்; மற்றதற்கு இடைச்சொல் கேட்கும். ‘டொனேட்’ பொருளை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ‘டு’ கேட்கும். ‘புரொவைடு’ ஆளை எடுத்துக்கொண்டால் பொருளுக்கு ‘வித்’ கேட்கும்: ‘புரொவைடு மீ வித் எ புக்’. அமெரிக்கர்கள் சிலர் அந்த ‘வித்’தை விட்டுவிடுகிறார்கள், தேர்வில் நீங்கள் விடாதீர்கள்.

நமக்கு இது இடறுவதற்குக் காரணம் வேற்றுமை உருபு. தமிழில் ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’ எந்த வினைக்கும் மாறாது. ஆங்கிலத்தில் வினை மாறினால் இடைச்சொல்லும் மாறும். அதனால் இந்தச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்வது வீண். ‘கன்ஃபர் ஆன்’, ‘டொனேட் டு’, ‘புரொவைடு வித்’ என்று வாலோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: லெட், அலவ், பெர்மிட் மூன்றும் ‘அனுமதி’தானே?

பதில்: ‘லெட்’டுக்கு ‘அனுமதி’யைவிட நம் ‘விடு’ கச்சிதமாகப் பொருந்தும். போக விடு, பேச விடு, வீட்டை வாடகைக்கு விடு: மூன்றிலும் ‘லெட்’ வரும். ‘டு லெட்’ பலகையில் இருப்பதும் இதே சொல்தான். தடுக்காமல் இருப்பதே ‘லெட்’. ஓட்டைக் குழாயை அப்படியே விட்டு வைப்பதும் அதில் சேரும். ‘அலவ்’ சம்மதத்தைக் காட்டும். வீட்டிலும் வரும், அலுவலகத்திலும் வரும். ‘பெர்மிட்’டுக்குப் பின்னால் சட்டமோ விதியோ நிற்கும்.

பிழை நேர்வது பொருளில் அல்ல, அமைப்பில். ‘லெட் மீ கோ’ என்பதில் ‘டு’ கிடையாது. ‘அலவ் மீ டு கோ’, ‘பெர்மிட் மீ டு கோ’ என்பவற்றில் ‘டு’ கட்டாயம். ‘லெட்’டைச் செயப்பாட்டு வினையாக்குவதும் ஆபத்து. ‘நான் போக அனுமதிக்கப்பட்டேன்’ என்பதற்கு ‘ஐ வாஸ் லெட் டு கோ’ என்று எழுதாதீர்கள். ‘ஐ வாஸ் அலவ்ட் டு கோ’ என்பதே சரி. அந்த ‘டு’வையும் விட்டு ‘ஐ வாஸ் லெட் கோ’ என்று எழுதினால், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றே படிப்பவர் நினைக்கக்கூடும்.

‘இட் இஸ் நாட் பெர்மிட்டட் டு ஸ்மோக் ஹியர்’ சரி. அதே இடத்தில் ‘அலவ்ட்’ போட்டால் இடிக்கும். ‘ஸ்மோக்கிங் இஸ் நாட் அலவ்ட் ஹியர்’ என்று திருப்பிப் போட வேண்டும். ஆனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதற்கு ‘நாட் அலவ்ட் இன்’ வரும், ‘நாட் பெர்மிட்டட் இன்’ வராது. உச்சரிப்பிலும் ஒன்று: உரிமச்சீட்டைச் சொல்லும்போது முதல் அசையை அழுத்திப் பெர்மிட், வினையாகச் சொல்லும்போது இரண்டாம் அசையை அழுத்த வேண்டும்.

கேள்வி: ‘அப்பீல் அலவ்ட்’ என்பதை ‘மேல்முறையீடு செய்ய அனுமதி’ என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. தலைகீழான செய்தியாகிவிடும். ‘அப்பீல் அலவ்ட்’ என்றால் மேல்முறையீடு ஏற்கப்பட்டது, செய்தவர் வென்றுவிட்டார். மேல்முறையீடு செய்யவே அனுமதி கிடைத்தது என்றால் அது ‘லீவ் டு அப்பீல் கிராண்டட்’. முன்னதில் வழக்கு முடிந்தது. பின்னதில் இனிமேல்தான் விசாரணை.

கேள்வி: அந்த ‘லீவ்’ விடுமுறை லீவா? விடுப்புக் கடிதத்தில் கிவ், கிராண்ட், அலவ், சாங்ஷன் எது சரி?

பதில்: இரண்டும் ஒரே சொல். ‘லீவ்’ என்ற பெயர்ச்சொல்லின் மூலப்பொருளே அனுமதிதான். வராமல் இருக்கக் கிடைத்த அனுமதி விடுப்பாயிற்று. கடிதத்துக்கு ‘கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்’ போதும். ‘எ லீவ்’ வேண்டாம், ‘டூ டேஸ் லீவ்ஸ்’ வேண்டவே வேண்டாம். ‘அலவ்’ போடுவதானால் ‘அலவ் மீ டு டேக் லீவ்’. ‘சாங்ஷன்’ மேலதிகாரி குறிப்பெழுதும் சொல். நாம் கேட்கும்போது அவ்வளவு விறைப்பு எதற்கு? அதே சொல் ‘சாங்ஷன்ஸ்’ என்று பன்மையில் நாடுகளுக்கிடையே வந்தால், அனுமதிக்கு நேரெதிரான தடையைக் குறிக்கும்.

கேள்வி: ‘அலவ்’ அனுமதி என்றால் ‘அலவன்ஸ்’ எப்படிப் படிப்பணம் ஆனது?

பதில்: லத்தீனில் ‘புகழ்’ என்ற பொருளில் ஒரு வினை, ‘ஒதுக்கு’ என்ற பொருளில் இன்னொரு வினை. பழைய பிரெஞ்சில் இரண்டும் ஒரே ஒலியில் கலந்து, ‘அலவ்’ ஆக ஆங்கிலத்துக்கு வந்தன. அனுமதி முதலாவதன் வாரிசு, படிப்பணம் இரண்டாவதன் வாரிசு. பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்பதற்கு ‘அலவ் டூ அவர்ஸ்’ என்பதும் இந்த ஒதுக்கல்தான்.

கேள்வி: பாஸ்போர்ட்டின் உள்ளே ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று இருக்கிறதே. ‘விடாமல்’ என்றா பொருள்?

பதில்: இது வேறு ‘லெட்’. பழைய ஆங்கிலத்தில் ‘தடு’ என்ற பொருளில் இருந்த இன்னொரு சொல் ஒலி தேய்ந்து, ‘விடு’ என்ற ‘லெட்’டோடு ஒரே உருவத்தில் வந்து நின்றது. குழப்பம் தாங்காமல் ‘தடு’ பேச்சிலிருந்து மறைந்தது; இந்திய, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாசகத்தின் பொருள் ‘தடையின்றி’. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி உரிய கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்று கூவுகிறார்களே, அதையும் இந்தத் ‘தடு’வோடுதான் சேர்க்கிறார்கள்.