லாரமியில் என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், அது இருக்கும் லாரமி நகரில் காற்றையும் சரக்கு ரயிலையும் தவிர வேறொன்றும் இல்லை என்று நண்பர்கள் சொல்வதால் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தயங்காமல் வாருங்கள். உங்கள் நண்பர்கள் குறையாகச் சொன்ன அந்த ரயில்தான் இந்த ஊரைப் பெற்றெடுத்தது.

அரபாஹோ, ஷயான் என்ற பழங்குடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த சமவெளி இது. அவர்கள் இழந்த நிலத்தின்மீதுதான் ஊர் எழுந்தது என்பதை இங்கே வந்து குடியேறிய நாம் மறக்கலாகாது. கண்டத்தின் குறுக்கே பாதை போட்டுக்கொண்டு வந்த யூனியன் பசிபிக் நிறுவனத்தின் தண்டவாளம் 1868 மே மாதம் இங்கே வந்து சேர்ந்தது. பாதை மேற்கே நகர நகர, மதுக்கடைக்காரர்களும் சூதாடிகளும் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். அப்படி முளைத்த பென்டன் என்ற ஊர் சில மாதங்களிலேயே இருந்த இடம் தெரியாமல் போயிற்று. லாரமி நிலைத்ததற்குத் தண்ணீரும் மரமுமே முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. நீராவி எஞ்சின்களுக்கு ஊற்றுநீர் கிடைத்தது. மெடிசின் போ மலையில் வெட்டிய ஸ்லீப்பர் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு இங்கே கரைசேர்க்க முடிந்தது. எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளும் வந்ததால் பலர் இங்கேயே வீடு கட்டித் தங்கினார்கள்.

தொடக்க நாட்கள் கொடுமையானவை. முதலில் அமைந்த ஊராட்சி சில வாரங்களே தாங்கியது. 1868 அக்டோபரில் ஊர்க்காரர்களே கூட்டமாகத் திரண்டு, கொள்ளைக்காரர்கள் என்று கருதியவர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் அதே ஊரில் இரண்டே ஆண்டுகளுக்குள் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. 1869 டிசம்பரில் வயோமிங் பகுதி பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. அடுத்த மார்ச்சில் லாரமி நீதிமன்றத்தில் பெண்கள் ஜூரிகளாக அமர்ந்தார்கள். 1870 செப்டம்பர் 6 அன்று காலையில், ஈஸ்ட் வாங்கச் சிறு தகர வாளியோடு கடைத்தெருவுக்குப் புறப்பட்ட 69 வயது லூயிசா ஸ்வெயின் என்ற அம்மையார், வாக்குச்சாவடிக்குள் சென்று, அந்தச் சட்டத்தின்படி பொதுத்தேர்தலில் வாக்களித்த முதல் பெண்ணானார். அவருடைய சிலை நகரின் நடுவே நிற்கிறது.

புட்ச் கேசிடி என்ற பேர்பெற்ற கொள்ளைக்காரன் 1894 முதல் 1896 வரை அடைபட்டிருந்த பழைய சிறைச்சாலை இப்போது அருங்காட்சியகம். என்னைக் கேட்டால், அதைவிட முதலில் பார்க்கவேண்டியது தண்டவாளங்களுக்கு மேலே செல்லும் நடைப்பாலம். மாலையில் அதன் நடுவில் நில்லுங்கள். காலுக்கடியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சரக்குப் பெட்டிகள் நகரும், பாலத்தின் இரும்பு அந்த அதிர்வை உள்ளங்கால் வரை கொண்டுவரும், கிழக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல் கட்டடங்களில் இன்றைய காப்பிக் கடைகளின் விளக்குகள் எரியத் தொடங்கும். இங்கே வந்த முதல் ஆண்டில் வீட்டு நினைவு அழுத்திய மாலைகளிலெல்லாம் அங்கேதான் போய் நின்றேன்.

சிரமங்களையும் மறைக்கமாட்டேன். பயணிகள் ரயில் 1997-இலேயே நின்றுவிட்டது. குளிர்காலத்தில் பனிக்காற்று வீசினால் 80-ஆம் எண் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள், அன்று டென்வர் நகருக்கும் போக முடியாது, ஷயான் நகருக்கும் போக முடியாது. அத்தகைய நாட்களுக்காக அரிசி, பருப்பு, புளி எப்போதும் இருப்பில் இருக்கட்டும். ஊர் ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில், கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஊட்டியின் ஈரம் இல்லை, உதடு வெடிக்கும் வறட்சி. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. ஆகவே பெட்டியில் வேறு எதைக் குறைத்தாலும் பிரஷர் குக்கரையும், அதற்கு மாற்று காஸ்கெட் இரண்டையும் மறவாமல் எடுத்து வையுங்கள்.