நாற்பதை நெருங்கும் வயதில் திட்ட மேலாண்மை படிக்க வந்தவருக்கு, லீட்ஸிலிருந்து

அன்புள்ள அம்மணிக்கு,

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஈஆர்பி மென்பொருள் (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிப்பது) அமைத்துக் கொடுக்கும் ஆலோசகராக 11 ஆண்டுகள் இருந்துவிட்டு, 38 வயதில் திட்ட மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு இங்கிலாந்து வந்து பத்து வாரம் ஆகிறது என்றும், தெரிந்த வேலையையே சின்னப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து மறுபடி கேட்பதாகத் தோன்றுகிறது என்றும், முதல் கட்டுரைக்கு 54 மதிப்பெண்தான் கிடைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு இரவில் வேலை செய்து கொடுக்கலாமா, கணவரையும் மகளையும் எப்போது அழைத்துக்கொள்ளலாம், இந்த ஓராண்டால் பயன் உண்டா என்று மூன்று முக்கியக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நான் பெருந்துறைக்காரி. கோவையில் நூற்பாலைகளுக்கு இயந்திரம் நிறுவும் பணிகளில் ஆலோசகராக இருந்து, 2009இல், 35 வயதில், இதே படிப்புக்கு வந்தவள். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

இரவு வேலையை முதலில் சொல்கிறேன். அதில் தவறினால் மற்றதெல்லாம் வீணாகிவிடும். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. திருப்பூர் நிறுவனத்துக்கு நீங்கள் இங்கே உட்கார்ந்து வேலை செய்து பில் போட்டால் அது சுயதொழில்தான். பணம் கணவரின் கணக்குக்குப் போகட்டும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேலையைச் செய்தவர் நீங்கள் என்பது அதனால் மாறிவிடாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், அதுவும் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டும். முதுநிலை மாணவர்கள் பலர் தடுமாறுவது கோடையில்தான்: வகுப்புகள் முடிந்திருந்தாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் பருவ காலமாகவே கணக்காகும், 20 மணி நேர வரம்பும் தொடரும். வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவார்களே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் ஓராண்டுக்கு ஒப்படைத்துவிடுங்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் இல்லாமல் போகமாட்டார்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கே மனம் வரவில்லை, ஆனால் மறைப்பது தவறு. 2024 ஜனவரி முதல் தொடங்கும் உங்களைப் போன்ற பாடவழி முதுநிலைப் படிப்புகளுக்குக் கணவரையோ குழந்தையையோ சார்ந்தோராக அழைத்து வர முடியாது. படிப்புக்குப் பிறகு கிடைக்கும் பட்டதாரி விசாவிலும் புதிதாகச் சேர்க்க முடியாது. அந்த விசாவே 2026 டிசம்பர் 31க்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டு, அதன் பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். ஆகவே மகள் இங்கே வருவதற்கான வழி, உங்களுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தில் திறன்பணி விசா கிடைப்பதுதான். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுக் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு 33,400 பவுண்டு வரை தளர்வு உண்டு, ஆனால் அந்தத் தொழிலுக்கென்று வகுத்திருக்கும் ஊதியத்தில் 70 சதவீதம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும். மகளிடம் தேதி எதையும் வாக்காகச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எனக்கும் முதல் கட்டுரையில் 48தான் வந்தது. 50க்குக் கீழே போனால் தோல்வி. ஓர் ஆலையில் பதினெட்டு இயந்திரங்களை நோம்பி விடுமுறைக்குள் இறக்கி நிறுவியதைப் பெருமையாக எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "எப்படித் தெரியும்?" அன்று மிகவும் கோபப்பட்டேன். நான் அங்கே நின்றவள், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. தாமதம் ஆகாததற்கு நான் சொல்லும் காரணம்தான் காரணம் என்பதற்கு என்ன சான்று, அதே நிலைமையை ஆராய்ந்த மற்றவர்கள் என்ன கண்டார்கள், என் முடிவு எங்கே செல்லாது என்பதையெல்லாம் அந்த இரண்டு சொற்களில் கேட்டிருந்தார். இங்கே முதுநிலையில் 70 வந்தாலே மிக உயர்ந்த தரம், டிஸ்டிங்ஷன். உங்கள் 54, அனுபவம் நிறைய உள்ளவர் சான்றில்லாமல் எழுதினால் வரும் மதிப்பெண். அதை உங்கள் அறிவின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாம் வளர்ந்தது வாய்ச்சொல்லில் தொழில் நடக்கும் சீமையில். "பாத்துக்கலாங்க" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் அதை நம்பி நூல் லாரி கிளம்பிவிடும். அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறவர்களும் நம் மக்கள். அதை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதே பழக்கத்தால் இங்கே என் முதல் வேலையில் பெரிய நட்டம் ஏற்பட்டது. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய செங்கல் அடித்தளம் ஒன்று வந்தது. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் வந்து குழிக்குள் இறங்கிப் பார்த்தார், செங்கல்லைக் கையால் தட்டிப் பார்த்தார், கூடுதல் செலவு நியாயம்தான் என்று என் எதிரிலேயே சொன்னார். எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். இங்கே கட்டுமானத்தில் பரவலாக வழங்கும் என்இசி என்ற மாதிரி ஒப்பந்தத்தில், இத்தகைய நிகழ்வை ஒப்பந்தக்காரர் அறிந்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் பணமும் கிடையாது, கூடுதல் நாளும் கிடையாது. நான் பத்தாவது வாரத்தில் எழுதினேன். அந்தப் பொறியாளர் பொய் சொல்லவில்லை. அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து வருட அனுபவத்தோடு வந்த நான், அந்த விதியை வகுப்பில் கேட்டபோது கடந்து போனவள்.

ஆகவே இந்த ஓராண்டை, தலைக்குள் இருப்பதைப் பிறர் சரிபார்க்கக்கூடிய எழுத்தாக மாற்றப் பழகும் ஆண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பணி தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கணக்கிடும் கிரிட்டிக்கல் பாத் முறை 1950களின் இறுதியில் வந்தது. அதை எந்த மென்பொருளிலும் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், அதற்காக யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆய்வேட்டுத் தலைப்பில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒரு கட்டிங் மாஸ்டர் வந்தார் அல்லவா, கணினியில் எல்லாம் ஏற்றிய பிறகும் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்து பீஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்? அவர் ஏன் அந்த நோட்டை விடவில்லை என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. நீங்கள் அமைத்துக் கொடுத்தவற்றில் எவை நிலைத்தன, எவை ஓராண்டில் கைவிடப்பட்டன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்பில் வேறு யாராலும் இதை எழுத முடியாது. மென்பொருளை விட்டு வெளியே வர விரும்பினால் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இருக்கிறது: அரை நூற்றாண்டுக்கும் மேலான கோரிக்கை, 2019இல் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறப்பு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகும் பணி. இங்குள்ள பேராசிரியர்களுக்குப் புதிதாக இருக்கும், உங்களுக்கோ ஊர்ப் பெயர்களெல்லாம் மனப்பாடம். எதை எடுத்தாலும், நெறிக்குழுவின் ஒப்புதல் வருமுன் யாரையும் பேட்டி காணாதீர்கள். அதற்கு முன் திரட்டிய தகவலைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

வேலை தேடும்போது மேலாளர் பதவிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பிஎம்ஓ (திட்ட மேலாண்மை அலுவலகம்), பிளானிங், புராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் (செலவையும் கால அட்டவணையையும் கண்காணிப்பது) என்ற பெயர்களில் வரும் இடங்கள் வழியாகத்தான் நானும் நுழைந்தேன்.

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு 36 மாத அனுபவம் வேண்டும், அது விண்ணப்பத்துக்கு முந்தைய குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுத்து, அந்தந்தப் பணியில் உடனிருந்தவரிடம் உறுதிப்படுத்தச் சொல்வார்கள். உங்கள் பழைய முதலாளிகள் உங்களை மறக்கவில்லை, அலுவலகமும் மாறவில்லை. பணியின் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், உங்கள் பொறுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பி, இந்த மாதமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். "அதுக்கென்னங்க, எப்ப வேணாலும் போட்டுத் தர்றேன்" என்பார்கள். அப்படிச் சொன்ன நாளிலேயே வாங்கிவிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் லீட்ஸுக்கு வாருங்கள், அந்த 54 வாங்கிய கட்டுரையையும் கொண்டு வாருங்கள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா