ஐந்து நிமிடக் கருவி வந்துவிட்டால் லேப் படிப்பு வீணா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பயாலஜி குரூப் முடித்த மகள் பி.எஸ்சி. எம்.எல்.டி.தான் (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு) படிப்பேன் என்கிறாள். உங்களுக்கு இரண்டு மனக்குறை. "மூத்திரத்தை வாங்கி டெஸ்ட் பண்ற வேலைக்கா படிக்க வைக்கிறது?" என்பது ஒன்று. சிறுநீரில் போதை மாத்திரை இருப்பதைக்கூடக் கையடக்கக் கருவி ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறதாமே, அப்புறம் டெக்னீஷியன் எதற்கு என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. சொந்தக்காரர்கள் பேசத்தான் செய்வார்கள். இரண்டாவது நல்ல கேள்வி.

அந்தக் கருவிகள் பலவற்றில் இருப்பது, கர்ப்பம் பார்க்கும் கார்டில் உள்ளது போன்ற பட்டைதான். ஆனால் முடிவு தலைகீழ். கர்ப்ப கார்டில் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். போதைப் பட்டையில் இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ். சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால் பட்டையின் ஆன்டிபாடியை (அந்தப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) அதுவே பிடித்துக்கொள்ளும், சோதனைக் கோடு விழாது; பட்டை வேலை செய்வதைக் காட்டும் கோடு மட்டும் விழும். சோதனைக் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். இது தெரியாமல் முடிவைச் சொன்னால், சோதிக்கப்பட்டவனின் வேலையே போய்விடும்.

வழக்கமான ஓபியேட் (அபின் வகை) பட்டை தேடுவது அபினில் உள்ள மார்பினை. ஃபென்டனில் என்ற வலிமருந்து ஆலையில் செய்யப்படும் பொருள், மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம், மூலக்கூறின் அமைப்பும் வேறு. எனவே அந்தப் பட்டையின் கண்ணில் படாது. அதற்குத் தனிப் பட்டை வேண்டும். நம் பக்கம் அடிபடும் டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளுக்கும் அப்படியே. டிரமடாலை 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. குருமாவில், அபின் செடியின் விதையான கசகசாவைத் தாராளமாக அரைத்துப் போட்டுச் சாப்பிட்டவரின் சிறுநீரிலும் மார்பின் தெரியலாம்! அமெரிக்காவில் அரசு ஊழியர் சோதனையில் ஓபியேட் பாசிட்டிவ் என்று சொல்வதற்கான வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியதற்குக் கசகசாவும் ஒரு காரணம். மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரை சில ஃபென்டனில் சோதனைகளை ஏமாற்றியிருக்கிறது. அதனால் பட்டை பாசிட்டிவ் என்றால் அது சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அதன் மூலக்கூறு எடையை வைத்து அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ்., எல்.சி.எம்.எஸ். போன்ற பெரிய கருவிகள் வேண்டும், அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். கொடுத்த சிறுநீரில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்துச் சொல்வதும் அந்த ஆள்தான்.

பட்டையை யாரும் நனைக்கலாம். அது சொன்னது சரியா என்று சொல்பவருக்குத்தான் வேலை. மகளை அந்த இடத்துக்குப் போகிற மாதிரி படிக்க வையுங்கள்.

எம்.எல்.டி.க்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: சாதாரண லேபில் பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அணுக்கள்தான், போதைச் சோதனை எப்போதாவது வரும். அதிலேயே ஆர்வம் என்றால் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. என்று போகலாம். மதுரையிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. என் கணிப்பில், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு வேதியியல். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுக்கு எம்.எல்.டி.

பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் 'ஆறு மாதத்தில் லேப் டெக்னீஷியன்' நோட்டீஸ் பக்கம் போக வேண்டாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசி வரியில், மூத்த மகனுக்குத் தெரியாமல் வீட்டிலேயே ஒரு கருவி வாங்கிச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. முதலில் அவனிடம் பேசுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவனோடு சேர்ந்தே போங்கள். அவன் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.