வெளிப்படுத்தின விசேஷத்தில் தாண் கோத்திரம் ஏன் இல்லை?

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 7ஆம் அதிகாரத்தில் முத்திரை போடப்படும் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களில் தாண் இல்லையே, கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து அதிலிருந்து வருவான் என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அதிகாரம் காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்திக்கிறிஸ்து விளக்கம் ரொம்பப் பழையது, 2ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா இரேனியஸ் சொன்னது. எரேமியா 8:16ல் தாணிலிருந்து குதிரைகளின் கனைப்பு கேட்கிறது என்று வருவதை அவர் ஆதாரமாகக் காட்டினார். ஆனால் அங்கே சொல்லப்படும் தாண் ஓர் ஊர், இஸ்ரவேல் நாட்டின் வட எல்லை. வடக்கேயிருந்து படை வந்தால் குதிரை முதலில் அங்கேதானே கனைக்கும்? கன்வென்ஷன் பிரசங்கங்களில் இன்னும் இந்த விளக்கம் ஓடுகிறது. எனக்கு ஒப்பவில்லை.

எனக்குச் சரியாகப் படுவது விக்கிரகக் கதைதான். நியாயாதிபதிகள் 17, 18 படித்துப் பாருங்கள். எப்பிராயீம் மலைநாட்டில் மீகா என்பவன் வீட்டிலேயே விக்கிரகம் வைத்து, பெத்லெகேமிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு லேவியனை (ஆலய ஊழியத்துக்கான லேவி கோத்திரத்தான்) வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று பேசி ஆசாரியனாக வைத்துக்கொள்கிறான். தாண் கோத்திரத்துக்குக் கிடைத்த பங்கு மேற்கே, யோப்பா பக்கம். எமோரியர் அவர்களைச் சமவெளியில் இறங்கவே விடவில்லை. அதனால் வேறு இடம் தேடி ஆயுதம் தரித்த 600 பேர் வடக்கே கிளம்புகிறார்கள். போகிற வழியில் மீகா வீட்டில் புகுந்து விக்கிரகத்தைத் தூக்குகிறார்கள். ‘என்ன செய்கிறீர்கள்?’ என்கிறான் லேவியன். ‘பேசாமல் எங்களோடு வா. ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கே ஆசாரியனாக இருப்பது நல்லதா?’ அவ்வளவுதான், ஆள் சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறான்!

மீகா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு துரத்துகிறான். சத்தம் போடாதே, எங்களில் கோபக்காரர்கள் இருக்கிறார்கள், உன் உயிரும் வீட்டார் உயிரும் போய்விடும் என்கிறார்கள். பலசாலிகள் என்று தெரிந்ததும் அவன் வீடு திரும்பிவிடுகிறான். அப்புறம் எர்மோன் மலையடிவாரத்தில் லாயீஸ். சீதோன் தூரத்தில் இருந்ததால் உதவிக்கு ஆளில்லாமல், யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்த ஊர். அதை வெட்டி எரித்து, தாண் என்று பெயர் வைத்து, திருடிய விக்கிரகத்தை அங்கே நிறுத்தினார்கள். இஸ்ரவேல் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்ததும் வடபகுதியின் ராஜா யெரொபெயாம் இரண்டு பொன் கன்றுக்குட்டிகளில் ஒன்றை வைத்ததும் இதே ஊரில்தான். இன்றைய தெல் தாணில் 1966 முதல் தொல்லியலாளர் அவ்ராகாம் பிரான் தோண்டியபோது பெரிய வழிபாட்டு மேடை ஒன்று கிடைத்தது. 1993ல் ‘தாவீதின் வீடு’ என்று பொறித்த கல்வெட்டும் அங்கேதான் அகப்பட்டது.

ஆள் பலம் இல்லாத கோத்திரம் என்பதால் விடுபட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணாகமம் 26ல் தாண் 64,400 பேர், யூதாவுக்கு அடுத்தபடி.

இன்னொன்று, பைபிளில் இந்தப் பட்டியல்கள் எப்போதுமே ஒரே மாதிரி இருந்ததில்லை. நிலம் பங்கிடும்போது லேவிக்குப் பங்கில்லை, அந்தக் குறையை எப்பிராயீம், மனாசே என்று யோசேப்பை இரண்டாக்கிச் சரிக்கட்டினார்கள். நியாயாதிபதிகள் 5ல் தெபொராளின் பாட்டில் பெயர் வருவது 10தான், யூதாவே இல்லை! மோசேயின் கடைசி ஆசீர்வாதத்தில் சிமியோன் இல்லை. வெளிப்படுத்தலில் யோசேப்பும் இருக்கிறான், அவன் மகன் மனாசேயும் இருக்கிறான். லேவியையும் சேர்த்த பிறகு 12க்குள் அடங்க ஒருவர் போயாக வேண்டும். விக்கிரகத்தால் பெயர் கெட்டுப்போன தாண் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதற்காகத் தாண் ஒரேயடியாகத் தள்ளப்பட்டது என்றும் சொல்ல முடியாது. எசேக்கியேல் 48ல் வருங்காலத் தேசத்தைப் பங்கிடும்போது வடக்கேயிருந்து முதல் பங்கே தாணுக்குத்தான். அந்தத் தேசத்து நகரத்தின் கிழக்குப் பக்க மூன்று வாசல்களில் ஒன்று தாண் வாசல். அந்திக்கிறிஸ்து விளக்கம் சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.