கேட் ஃபைல்களைச் சுருக்கலாமா? கேள்வி பதில்

கேட் (CAD) என்றால் கம்ப்யூட்டரில் வரைவது. அதற்கான ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேர்களின் ஃபைல் அளவைக் குறைப்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிராஃப்ட்ஸ்மேன், சேலம்: சார், 38 எம்.பி. டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் டிராயிங்) ஃபைலை ஜிப் செய்தாலும் 36 எம்.பி.தான் வருகிறது. ஜிமெயிலில் 25-க்கு மேல் போகாது. இதைவிட நல்ல ஜிப் சாஃப்ட்வேர் இருக்கிறதா?

சாஃப்ட்வேரை மாற்றிப் பயனில்லை. 2004 ஃபார்மட் தொடங்கி டி.டபிள்யூ.ஜி. உள்ளேயே அழுத்தப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. பிழிந்து காயப்போட்ட துணியை இன்னொரு முறை பிழிந்தால் என்ன வரும்? ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள். ஏசி1015 (AC1015) என்றால் 2000 ஃபார்மட், ஜிப் நன்றாகக் குறைக்கும். ஏசி1018 அல்லது அதற்கு மேல் என்றால் குறையாது.

ஒரு வீட்டு பிளானுக்கு 38 எம்.பி. என்பதே கோளாறு. உள்ளே குப்பை இருக்கிறது. முதலில் ஒரு நகல் எடுங்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆடிட் கமாண்ட் கொடுத்துப் பிழைகளைத் திருத்துங்கள். அடுத்து, பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் கமாண்டை முன்னால் கழித்தல் குறியுடன் தட்டச்சு செய்து, ரெக்-ஆப் (பிற சாஃப்ட்வேர்கள் ஃபைலில் பதித்த பெயர்கள்) பிரிவைத் தேர்ந்தெடுத்து, பெயர் கேட்கும்போது நட்சத்திரக் குறி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவா என்றால் வேண்டாம். சாதாரண பர்ஜ் பெட்டியில் ரெக்-ஆப் வராது, பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு அதே கமாண்டில் அனாதைத் தகவல் நீக்கும் பிரிவு. மைக்ரோஸ்டேஷன் என்ற வேறு கேட் சாஃப்ட்வேரின் டி.ஜி.என். ஃபைல்களிலிருந்து வந்த லைன்டைப் (கோட்டு வகை) குவியல் இதில்தான் போகும். கடைசியாக ஸ்கேல் லிஸ்டை ரீசெட் செய்து, வழக்கமான பர்ஜை நெஸ்டட் (ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளவை) டிக்குடன் ஓட்டுங்கள்.

ஐசேவ்பர்சென்ட் (ISAVEPERCENT) என்ற ஆட்டோகேட் மாறியையும் பாருங்கள். இயல்பாக 50 இருக்கும். அதாவது ஃபைலுக்குள் பாதியளவு வரை வெற்றிடம் சேர்ந்த பிறகுதான் முழுதாகத் திருப்பி எழுதும். 0 வைத்துச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதும். சேமிக்க நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் குறையவில்லை என்றால், எக்ஸலிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டிய படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பர்ஜ் அவற்றைத் தொடாது.

டிசைனர், கோவை: பம்ப் இம்பெல்லர் பார்ட் ஒன்று 60 எம்.பி. சாலிட்வொர்க்ஸ் ஃபைலைச் சுருக்கும் கருவிகள் பற்றிக் கேள்விப்பட்டேன். பயன்படுத்தலாமா?

அந்தக் கருவிகள் பழைய பதிப்புகளுக்காக வந்தவை. அழித்த தகவலின் இடம் ஃபைலுக்குள் ஓட்டையாகவே தங்கும், கருவி அதை அகற்றும். 2015 பதிப்பில் ஃபைல் அமைப்பு மாறியபின் அவற்றுக்கு வேலை குறைந்துவிட்டது.

உங்கள் அளவு வேறு இடத்திலிருந்து வருகிறது. டாக்குமென்ட் அமைப்புகளில் இமேஜ் குவாலிட்டி ஸ்லைடர் வலது ஓரத்தில் இருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயே டெஸலேஷனை (திரையில் காட்டுவதற்கான முக்கோண வலையை) பார்ட்டுடன் சேமிக்கும் டிக்கை எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: இ-டிராயிங்ஸ் என்ற பார்வைக்கு மட்டுமான சாஃப்ட்வேரில் திறப்பவருக்கு மாடல் தெரியாது. போல்ட், ஸ்டட்களில் ஹெலிக்ஸ் ஸ்வீப் செய்து மரை வெட்டியிருந்தால் காஸ்மெடிக் த்ரெட்டாக (மரையை வெட்டாமல் குறியாக மட்டும் காட்டுவது) மாற்றுங்கள். பயன்படாத கான்ஃபிகரேஷன்களை (ஒரே பார்ட்டின் மாற்று வடிவங்களை) அழியுங்கள்.

ஃபவுண்ட்ரிக்கோ மெஷினிங் கடைக்கோ அனுப்ப மட்டும் என்றால் எல்லா கேட் சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொது வடிவமான ஸ்டெப் ஃபைலாக்கி ஜிப் செய்யுங்கள். ஸ்டெப் வெறும் எழுத்து என்பதால் பெரும்பாலும் கால் பங்குக்கும் கீழே இறங்கும். ஃபீச்சர் ட்ரீ (மாடலை உருவாக்கிய படிகளின் பட்டியல்) அதில் வராது, எனவே அது ஒருபோதும் பேக்கப் ஆகாது.

மாணவர்: அண்ணா, 3டி பிரிண்டுக்கான எஸ்.டி.எல். ஃபைல் 100 எம்.பி. வருகிறது.

பைனரியாக ஏற்றுமதி செய்யுங்கள் தம்பி. தொடக்கப் பகுதிக்கான 84 பைட்டுடன், மாடலின் மேற்பரப்பில் உள்ள ஒரு முக்கோணத்துக்கு 50 பைட் சேர்த்துக் கணக்கிடுங்கள். 4 லட்சம் முக்கோணம் என்றால் 20 எம்.பி.தான்.

சைட் இன்ஜினியர்: ஜிப்பில் வந்த டிராயிங்கைத் திறந்து இரண்டு மணி நேரம் திருத்திச் சேமித்தேன். இப்போது திருத்தம் எதையும் காணோம்.

ஜிப்புக்குள்ளேயே இரட்டைக் கிளிக் செய்திருக்கிறீர்கள். விண்டோஸ் அதைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துத் திறக்கிறது, நீங்கள் சேமித்தது அங்கேதான் போயிற்று. உடனே விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் தேதி வரிசைப்படி தேடுங்கள், கிடைக்க வாய்ப்புண்டு. எல்லோருக்கும் சொல்கிறேன்: முதலில் பிரியுங்கள், பிறகு திறவுங்கள். உள்ளிருந்து திறந்தால் எக்ஸ்ரெஃபும் (டிராயிங்குடன் இணைத்த பிற டிராயிங்குகளும்) கிடைக்காது.

டிராஃப்ட்ஸ்மேன், திருச்சி: ஜிப் செய்தும் டி.டபிள்யூ.ஜி. அளவு குறையவில்லை, ஏன்?

முதல் பதில்.

கேட் மேலாளர், சென்னை: சர்வரில் உள்ள எல்லா டிராயிங்கையும் சுருக்கும் கருவியில் ஓட்டிவிட்டேன். இடம் பாதியாகிவிட்டது. எல்லாம் திறக்கிறது. நகலில் மட்டும் வேலை செய்யுங்கள் என்று நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

திறக்கிறது என்பது சோதனை ஆகாது. ஜிப் ஒரு உறை. பிரித்தால் அதே பைட்டுகள் திரும்பி வரும், வரவில்லை என்றால் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். உங்கள் கருவி ஃபைலையே திருத்தி எழுதுகிறது. பழையது எங்கே?

அதே மேலாளர்: பர்ஜும் திருத்தித்தானே எழுதுகிறது? அதை மட்டும் சிபாரிசு செய்கிறீர்களே.

நியாயமான கேள்வி. பர்ஜும் அதே வகைதான், அதனால்தான் நகலில் செய்யச் சொன்னேன். டெம்ப்ளேட்டில் வேண்டுமென்றே வைத்த லேயர், பிளாக்குகளையும் அது துடைத்துவிடும். பிறகு அவற்றைத் தேடும் லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் குட்டி நிரல்) நின்றுபோகும். ஆனால் எது போகிறது என்று பட்டியல் காட்டும், நீங்கள் முடிவு செய்யலாம். மொத்தமாக ஓடும் கருவியில் அந்த இடம் இல்லை.

மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, ப்ராக்ஸிகிராஃபிக்ஸ் (பிற சாஃப்ட்வேரின் பொருள்களுக்கான படத்தை ஃபைலில் சேமிக்கும் மாறி) 0 ஆகியிருக்கிறதா? சிவில் 3டி உள்ள உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும். வெறும் ஆட்டோகேட் வைத்திருக்கும் கான்ட்ராக்டருக்கு வரைந்ததற்குப் பதில் வெற்றுப் பெட்டிதான் தெரியும். இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கோடுகளை நீக்கும் ஓவர்கில் கமாண்ட் ஓடியதா, என்ன டாலரன்ஸில் (எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்றாகக் கருதும்)? இயல்பு 0.000001. மில்லிமீட்டர் டிராயிங்கில் யாராவது 1 வைத்திருந்தால், லேசர் கட்டிங்குக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். திரையில் தெரியாது, தகட்டில் தெரியும். மூன்று, டிஜிட்டல் கையொப்பம் இட்ட டிராயிங் எதையாவது அது தொட்டதா? ஒரு முறை திருத்தி எழுதினாலே கையொப்பம் செல்லாது. ஜிப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொருவர்: அப்படியானால் பழைய ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் ஒரே 7-ஜிப் ஃபைலாக்கிவிடலாமா?

வேண்டாம். 7-ஜிப் இயல்பாகப் பல ஃபைல்களை ஒரே தொகுதியாகச் சேர்த்து அழுத்தும். நடுவில் ஓர் இடம் கெட்டால் அந்தத் தொகுதியில் அதற்குப் பின்னால் உள்ள டிராயிங்குகளும் போகும். டி.டபிள்யூ.ஜி.யில் மிச்சமாகும் இடமோ சொற்பம். ப்ராஜெக்டுக்கு ஒரு ஜிப் போடுங்கள். செய்தபின் சோதிக்கும் பொத்தானை அழுத்துங்கள், விண்டோஸின் சர்ட்யூட்டில் (certutil) கமாண்டில் எஸ்.எச்.ஏ.256 எண் (ஃபைலின் கைரேகை போன்றது) எடுத்துத் தனியே எழுதி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மூலத்தை அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

மேலாளர்: பேக்கப் டேப்பில் மூலம் இருக்கிறது.

நல்லது. அதிலிருந்து பத்து டிராயிங்கை எடுத்து, சுருக்கியதுடன் டி.டபிள்யூ.ஜி. கம்பேரில் ஒப்பிடுங்கள். கையொப்பமிட்டவை, சிவில் 3டியில் செய்தவை கட்டாயம் இருக்கட்டும். முடிவு தெரியும்வரை டேப்பை மேலெழுத விடாதீர்கள்.

ஆர்க்கிடெக்ட்: அனுப்பும் டிராயிங்கில் ஃபான்ட் மாறிப்போகிறது.

ஆட்டோகேடின் இ-டிரான்ஸ்மிட் கமாண்டில் ஃபான்ட் டிக் போட்டு அனுப்புங்கள். எஸ்.எச்.எக்ஸ். (ஃபான்ட்), சி.டி.பி. (பிளாட் அமைப்பு), எக்ஸ்ரெஃப் எல்லாம் ஒரே ஜிப்பில் போகும்.

ஒருவர்: ஆன்லைனில் இலவசமாகச் சுருக்கித்தரும் தளங்கள்?

கிளையண்ட் டிராயிங்கை யாரோ ஒருவர் சர்வரில் ஏற்றக்கூடாது.

ரெவிட் பயனர்: ரெவிட்டின் ஆர்.வி.டி. ஃபைலைச் சுருக்க?

ரெவிட் என் துறை அல்ல, அதில் தினமும் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

டிராஃப்ட்ஸ்மேன், மதுரை: ஜிப் செய்தும் குறையவில்லை சார். பிரிக்கும்போது பாத் நீளம் என்று பிழை வேறு வருகிறது.

முதல் பாதிக்கு முதல் பதில். பாத் (ஃபோல்டர் பெயர்களுடன் சேர்ந்த ஃபைலின் முழு முகவரி) 260 எழுத்தைத் தாண்டுகிறது. சி டிரைவின் அடியில் ஒரு குட்டி ஃபோல்டர் போட்டு அங்கே பிரியுங்கள். பிரித்தபிறகு திறவுங்கள், உள்ளிருந்தே அல்ல.