வேலை போன பிறகு நோயும் வந்தால்: எஸ்டிஐயா, அன்எம்ப்ளாய்மென்டா?

கேள்வி: எனக்கு வயது 41. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு இருக்கிறது. ஆறு வருடமாகப் பார்த்த மென்பொருள் வேலை 2025 ஜனவரி கடைசியில் லே ஆஃபில் போய்விட்டது. பிப்ரவரி 2-ஆம் தேதியிலிருந்து அன்எம்ப்ளாய்மென்டில் (வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை) வாரம் 450 டாலர் வாங்கி வந்தேன். மே மாதம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூன் 12 அன்று அறுவை சிகிச்சை முடிந்தது, ஜூலை கடைசியில் கீமோ தொடங்குகிறது. "எஸ்டிஐ (நோயால் வேலை பார்க்க முடியாதவர்களுக்கு மாநிலம் தரும் காப்பீட்டுப் பணம்) எல்லாம் வேலையில் இருப்பவர்களுக்குத்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்டால் 'இல்லை' என்றே போட்டுவிடு" என்று ஒரு தோழி சொன்னார். ஜூன் 8 முதல் 21 வரையிலான அன்எம்ப்ளாய்மென்ட் படிவத்தில் அப்படியே போட்டேன், பணமும் வந்தது. அதன் பிறகு போடக் கை வரவில்லை. இப்போது நான் என்ன செய்வது? நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு இது இடைஞ்சலாகுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் நிலைமை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. இதை எழுதும் இன்று 2025 ஜூலை 7. செய்ய வேண்டியதைச் செய்ய நாள் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

தோழி சொன்னது தவறு. எஸ்டிஐ வாங்க அன்றைக்கு வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை பார்க்க முடியாத நிலை தொடங்கிய நாளில் நீங்கள் வேலையில் இருந்திருக்க வேண்டும், அல்லது தீவிரமாக வேலை தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டாவது வகை. மே, ஜூன் மாதங்களில் அனுப்பிய விண்ணப்ப மின்னஞ்சல்கள், நேர்காணல் அழைப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அன்எம்ப்ளாய்மென்டுக்குக் கொடுத்து வந்த பதில்களே பாதி சாட்சி.

இரண்டு திட்டங்களையும் நடத்துவது இடிடி என்ற ஒரே அலுவலகம்தான், அது கலிஃபோர்னியாவின் வேலைவாய்ப்புத் துறை. ஆனால் அன்எம்ப்ளாய்மென்டில் நீங்கள் ஒவ்வொரு வாரத்துக்கும் சொல்வது "என்னால் வேலை பார்க்க முடியும், தேடிக்கொண்டும் இருக்கிறேன்" என்று. எஸ்டிஐயில் உங்கள் டாக்டர் சொல்வது "இவரால் வேலை பார்க்க முடியாது" என்று. ஒரே நாளுக்கு இரண்டையும் சொல்ல முடியாது. ஆகவே எந்தத் தேதி வரை முதலாவது, எந்தத் தேதியிலிருந்து இரண்டாவது என்பதுதான் உங்கள் விஷயத்தில் எல்லாமே.

அந்தத் தேதி ஜூன் 12. மே மாதம் நோய் தெரிந்த நாள் அல்ல. நோய் இருப்பது வேறு, வேலை பார்க்க முடியாமல் போவது வேறு. இடையில் நீங்கள் வேலை தேடிக்கொண்டு, வேலை கிடைத்தால் போகும் நிலையில் இருந்த வாரங்களுக்கு வாங்கிய 450 டாலர் நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டியது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பணக் கணக்கைப் பாருங்கள். அன்எம்ப்ளாய்மென்டின் உச்சவரம்பு வாரம் 450 டாலர், அதிகபட்சம் 26 வாரம். எஸ்டிஐயோ, 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் கோரிக்கைகளுக்குச் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை தருகிறது. 2025-ஆம் ஆண்டின் உச்சவரம்பு வாரம் 1,681 டாலர், அதிகபட்சம் 52 வாரம். குறைந்த சம்பளக்காரர்களுக்கு 90, உங்களைப் போன்றவர்களுக்கு 70. கோரிக்கை ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் தொடங்கினால் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சம்பளத்தைப் பார்ப்பார்கள். அதில் எந்தக் காலாண்டில் அதிகம் வாங்கினீர்களோ அதை 13-ஆல் வகுத்து 70 சதவீதம் போடுவார்கள். ஒரு காலாண்டில் 27,300 டாலர் என்றால் வாரம் 1,470. ஐடி கம்பெனிகளில் பலருக்கு போனஸ் மார்ச் மாதம் வரும். 2024 மார்ச்சில் உங்களுக்கு 2,600 டாலர் போனஸ் வந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலாண்டு 29,900 ஆகி, வாரத் தொகை 1,610 ஆகிவிடும். கோரிக்கையை ஜூலையில் தொடங்குவதாகப் போட்டால் 2024 ஜனவரி-மார்ச் காலாண்டு கணக்கிலிருந்தே விழுந்துவிடும், போனஸும் அதோடு போகும். தேதியைச் சரியாகப் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

இது தர்மப் பணமும் இல்லை. பழைய பே ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள், 'சிஏஎஸ்டிஐ' என்று ஒரு வரி இருக்கும். மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த காப்பீட்டுப் பணம் அது. 2024 முதல் சம்பள வரம்பே இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள், 2025-இல் 1.2 சதவீதம். இவ்வளவு கட்டிவிட்டு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் 450 டாலரில் கீமோவை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, எப்படி விண்ணப்பிப்பது? முடியாமை தொடங்கி 9 நாள் ஆன பிறகு, 49 நாளுக்குள். உங்களுக்கு அந்த 49 நாள் ஜூலை மாதக் கடைசியோடு முடிகிறது. கடைசி நாள் வரை போகாதீர்கள், இந்த வாரமே இடிடியின் இணையதளத்தில் உங்கள் பகுதியை நிரப்பிவிடுங்கள். முடித்ததும் ஒரு ரசீது எண் வரும். அதை டாக்டர் அலுவலகத்துக்குக் கொடுத்தால்தான் அவர்கள் தங்கள் சான்றிதழை அதோடு இணைக்க முடியும். அதுவும் அதே 49 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இந்தப் படிவங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும், அவர்கள் வேலை மெதுவாகத்தான் நடக்கும். "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாமல், போய்விட்டதா என்று போன் செய்து கேளுங்கள். தாமதமானால் தக்க காரணம் காட்டி எழுதலாம், ஏற்கவும் கூடும். அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

இதில் ஒரு பொறி உண்டு. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பெரும்பாலும் ஆறு வாரம் என்று எழுதுவார். ஜூன் 12-லிருந்து ஆறு வாரம் என்றால் ஜூலை 24. அன்றோடு பணம் நின்றுவிடும், உங்களுக்கோ கீமோவே அப்போதுதான் தொடங்குகிறது. பதறிப்போய்ப் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள். கடைசித் தவணையை ஒட்டி இடிடி ஒரு துணைச் சான்றிதழ் படிவம் அனுப்பும், அதன் எண் டிஇ 2525 எக்ஸ்எக்ஸ். புற்றுநோய் மருத்துவர் அதை நிரப்பி, கீமோவும் கதிர்வீச்சும் முடியும் உத்தேசத் தேதியைப் போட்டால் அதே கோரிக்கை தொடரும். ஜூலை நடுவில் அவரைப் பார்க்கும்போதே சொல்லி வையுங்கள். முதல் 7 நாளுக்கு எஸ்டிஐயில் பணம் கிடையாது. உங்களுக்கு ஜூன் 19-லிருந்து எண்ணுவார்கள்.

இப்போது அந்தப் படிவம். ஜூன் 8 முதல் 11 வரை நீங்கள் வேலை பார்க்கும் நிலையில் இருந்தீர்கள், பிரச்சினை இல்லை. 12 முதல் 21 வரை பத்து நாள் முடியாத நிலை. அன்எம்ப்ளாய்மென்டில் நோயால் முடியாத ஒவ்வொரு நாளுக்கும் வாரத் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். பத்து நாளுக்குச் சுமார் 640 டாலர் நீங்கள் அதிகமாக வாங்கியிருக்கிறீர்கள். தொகை சின்னதுதான். ஆனால் தெரிந்தே பொய் சொன்னார் என்று இடிடி தீர்மானித்தால் திருப்பிக் கட்டுவதோடு 30 சதவீத அபராதம் உண்டு, பின்னால் வரவேண்டிய அன்எம்ப்ளாய்மென்ட் வாரங்களும் பறிபோகும். எஸ்டிஐக்கு ஜூன் 12 என்று போட்ட உடனே இரண்டு தேதிகளும் ஒரே அலுவலகத்தில் மோதும், அது தானாகவே வெளியே வரும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

இடிடி கணக்கில் உள்ள செய்திப் பெட்டி வழியாக எழுதுங்கள். நீளமாக வேண்டாம், அழுகையும் வேண்டாம். "ஜூன் 12 அன்று எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 8 முதல் 21 வரையிலான சான்றில் உடல்நிலை பற்றிய கேள்விக்கு நான் அளித்த பதில் சரியல்ல. ஜூன் 12 முதல் என்னால் வேலை பார்க்க இயலவில்லை. அந்தப் பதிலைத் திருத்த வேண்டுகிறேன். அதே தேதியிலிருந்து எஸ்டிஐக்கு விண்ணப்பித்திருக்கிறேன்." இவ்வளவு போதும். தோழியின் பெயரை இழுக்காதீர்கள், நடக்காத எதையும் சேர்க்காதீர்கள். அனுப்பியதைப் படமெடுத்து வையுங்கள். விசாரணைக்குப் போன் வந்தாலும் இதே தேதிகள், இதே பதில்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தால் கட்டிவிடலாம். தொகையோ காரணமோ தவறாக இருந்தால் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அது நிர்வாகச் சட்ட நீதிபதி முன்னால் போகும், பெரும்பாலும் போனிலேயே விசாரிப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. எஸ்டிஐ மறுக்கப்பட்டாலும் இதே 30 நாள்தான்.

சிட்டிசன்ஷிப் பற்றிக் கேட்டீர்கள். எஸ்டிஐயோ அன்எம்ப்ளாய்மென்டோ வாங்கியது இடைஞ்சல் இல்லை. உழைத்துச் சேர்த்த காப்பீட்டு உரிமைகள் அவை. அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்ற பதிவு வந்தால்தான் நன்னடத்தைக் கேள்வியில் சிக்கல். நீங்களே திருத்தி, பணத்தையும் திருப்பிவிட்டால் அந்த வாதத்துக்கு வலு குறைந்துவிடும். அந்தக் கடிதங்களை எல்லாம் பத்திரமாக வையுங்கள், விண்ணப்பிக்கும்போது உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

மீதமுள்ள அன்எம்ப்ளாய்மென்ட் என்னாகும்? எட்டு, ஒன்பது வாரம் பாக்கி இருக்கும். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு கோரிக்கையை மறுபடி திறந்து வாங்கலாம். ஆனால் உங்கள் 12 மாதக் கணக்கு 2026 ஜனவரி கடைசியோடு முடிகிறது, அதற்குமேல் பாக்கியைக் கொண்டுபோக முடியாது. அதற்காக அவசரப்பட்டு டிசம்பரிலேயே "நான் தயார்" என்று சொல்லிவிடாதீர்கள். 450-ஐக் காப்பாற்றப்போய் 1,610-ஐ விடுவது எந்த ஊர்க் கணக்கு?

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவரும் இங்கே சம்பளத்தில் இருந்தால், உங்களைக் கவனித்துக்கொள்ள 12 மாதத்தில் 8 வாரம் சம்பளத்துடன் கூடிய குடும்ப விடுப்புப் பணம் வாங்கலாம். அதே எஸ்டிஐ நிதி, அதே விகிதம், காத்திருப்பு நாளும் இல்லை. எட்டு வாரத்தையும் சேர்ந்தாற்போல் எடுக்க வேண்டியதில்லை, கீமோ நாட்களுக்கு மட்டும் பிரித்து எடுக்கலாம். ஆனால் இது பணம் மட்டும்தான், வேலைக்குப் பாதுகாப்பு தராது. பாதுகாப்புக்கு கலிஃபோர்னியா குடும்ப உரிமைச் சட்டம் இருக்கிறது: ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், அங்கே 12 மாதமும் கடந்த ஓராண்டில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருந்தால், 12 வாரம் விடுப்பு. இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை ஓராண்டைத் தாண்டும் என்று டாக்டர் சொன்னால் மத்திய அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஊனமுற்றோர் உதவிக்கு மனுப் போடலாம். அதில் ஐந்து முழு மாதம் காத்திருப்பு உண்டு, மாநிலப் பணமும் சேர்ந்தால் தொகை குறையவும் கூடும். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டிஐக்குக் குடியுரிமையோ விசா வகையோ தடையில்லை. நோய் விடுப்பில் இருந்தாலும் வேலை உறவு தொடர்கிற வரை விசா ஸ்டேட்டஸும் தொடரும். ஆனால் லே ஆஃப் ஆனால் வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ உள்ள 60 நாள் கெடு ஓட ஆரம்பித்துவிடும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள் என்று அது நிற்காது. எஸ்டிஐ பணம் வருவதை ஸ்டேட்டஸ் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்எம்ப்ளாய்மென்டுக்கோ, வேலையைச் சட்டப்படி ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

வழக்கறிஞர் கட்டணம் பாரமாக இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோவில் லீகல் எய்ட் அட் வொர்க் என்ற அமைப்பு இத்தகைய விடுப்பு, எஸ்டிஐ விஷயங்களில் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கடைசியாக வரி. சாதாரணமாக எஸ்டிஐக்கு வருமான வரி இல்லை. ஆனால் அன்எம்ப்ளாய்மென்ட் வாங்கிக்கொண்டிருந்தவர் நோயால் எஸ்டிஐக்கு மாறினால், அன்எம்ப்ளாய்மென்டுக்குப் பதிலாக வந்ததாகக் கருதப்படும் பகுதிக்கு மத்திய அரசின் வரி உண்டு. நீங்கள் அந்த வகையில் வருகிறீர்கள். கலிஃபோர்னியா மாநில வரி இல்லை. 2026 ஜனவரியில் இடிடியிடமிருந்து, வாங்கிய பணத்தை வரிக்காகக் காட்டும் 1099-ஜி படிவம் வரும். உங்கள் வரிக் கணக்கரிடம் அதைக் கொடுக்கும்போது இரண்டு திட்டங்களிலும் பணம் வாங்கியதைச் சொல்லிவிடுங்கள்.