மலையக ஊர்ப் பெயர்களைச் சிங்களத்தைப் பார்த்து எழுதினால் சரிவருமா?

சரிவராது. பெயர்ப்பலகையில் மேலே சிங்களம் இருக்கிறது, அதை எழுத்துக்கு எழுத்து தமிழில் போட்டால் முடிந்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆள். இங்கே பிள்ளைகளைவிட வாத்திமார்தான் இதில் அதிகம் சண்டை பிடிப்பார்கள்.

பெரிய வில்லங்கம் ல, ள தான். சிங்களத்திலும் இரண்டு எழுத்தும் இருக்கின்றன, ஆனால் தமிழ் அவற்றைப் பின்பற்றுவதில்லை. பதுளை, மாத்தளை, கம்பளை, பண்டாரவளை என்று நாங்கள் ள போடுகிற ஊர்களுக்கெல்லாம் சிங்களத்தில் சாதாரண ல தான். சரி, அப்படியென்றால் தமிழுக்கு ள பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்தால் அங்கே தலைகீழ்: சிங்களத்தில் ள, நாங்கள் எழுதுவது லி. இதற்கு நியாயம் தேடி அலைய வேண்டாம், அந்தந்த ஊரை ஊராகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓரளவு கைகொடுக்கிற ஒன்று, சிங்களத்தில் 'கல' என்று முடிகிற ஊர்கள்: கொட்டகலை, லுணுகலை, ராகலை. இவற்றில் ல மாறாது.

கடைசி எழுத்தும் கவனம். சிங்களத்தில் அகரத்தில் முடிவது தமிழில் பெரும்பாலும் ஐ ஆகிவிடும், வெலிமட வெலிமடை ஆவது போல, பசறையும் அப்படித்தான் (அதில் வல்லின ற, மறக்க வேண்டாம்). ஆனால் 'எல்ல' அப்படியே நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து 'எல்லா', 'நுவரா எலியா' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நுவரெலியா ஆங்கிலத்தில்தான் இரண்டு சொல். தமிழில் ஒரே சொல், குறில் எ, நுவரேலியா இல்லை.

ஹட்டனா அட்டனா, ஹப்புத்தளையா அப்புத்தளையா என்பதெல்லாம் என் கணக்கில் சண்டைக்குரிய விஷயமே இல்லை. பேச்சில் ஹ போய்விடும், எழுத்தில் இரண்டும் நடமாடுகின்றன. தலவாக்கலையைத் தலவாக்கொல்லை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் தகராறு, ஒரு எல் போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். ஊர்ப்பெயரை வைத்துள்ள தேயிலைக் கம்பனி இரண்டு போடுகிறது.

அப்புறம் தேயிலைத் தோட்டப் பெயர்கள். அவை தனி உலகம். வெள்ளைக்காரத் துரைமார் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களையும் வேறு பெயர்களையும் வைத்துவிட்டுப் போனார்கள் (ஹட்டனே ஸ்கொட்லாந்துப் பெயர்தான்), லயத்து ஆட்கள் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள்) அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பூண்டுலோயா டன்சினன், புசல்லாவை ரொத்சைல்ட், தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர்: இவற்றின் ஆங்கில எழுத்தைக் காதால் கேட்டு யாரும் சரியாக எழுதிவிட முடியாது, தமிழிலும் ஆளுக்கொரு மாதிரி. நோர்வூட்டைக்கூட இந்தியாவில் நார்வுட் என்பார்கள், இங்கே ஓகாரம் வேண்டும்.

படிவம் நிரப்புவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் எது சரி என்ற ஆராய்ச்சியை விடுங்கள். பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அடையாள அட்டை விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள், அங்கே பிழையாக இருந்தாலும். சான்றிதழைத் திருத்தாமல் படிவத்தில் மட்டும் சரியாக எழுதினால் இரண்டும் ஒத்துவராமல் நீங்கள்தான் திரும்பத் திரும்ப அலைவீர்கள்.